சிலுப்பாத லாரி

நான் கட்டிய என்ஜின்மேல், விளிம்புவரை டீ ஊற்றிய கண்ணாடி டம்ளரை வைத்து ஸ்டார்ட் செய்தால் ஒரு சொட்டு சிந்தக் கூடாது. சிந்தினால் மறுபடி பிரிப்பேன். வண்டிக்காரன் காலில் விழுந்தாலும் சரி, கழுத்தைப் பிடித்தாலும் சரி, பிரிப்பேன். எழுபதுகளின் கடைசியில் செங்கத்தில் லாரி வைத்திருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். "அந்தாளு டீ குடிக்கிற வரைக்கும் வண்டி வராது" என்று பஜாரில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். சிந்தாமல் நின்ற டீயை நான்தான் குடிப்பேன். டீசல் வாடையோடு, ஆறிப்போய், வாயில் வைக்க முடியாது. ஆனாலும் கடைசிச் சொட்டுவரை குடிப்பேன். வேறு எந்தப் பெருமையும் எனக்குக் கிடையாது.

கடை என்றதும் கூரை, ஷட்டர், போர்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊருக்கு வெளியே ரோட்டோரம் ஒரு புளியமரம். அதன் தடித்த கிளையில் செயின் பிளாக் தொங்கும். அதில் மாட்டித்தான் என்ஜினை வண்டியிலிருந்து தூக்கி இறக்குவோம். மரத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. பிரித்த சாமான்களில் மண் படக் கூடாது என்று கொட்டகைக்குள் சிமெண்ட் தரை போட்டிருந்தேன். என் வீட்டில் அப்போது சாணி மெழுகிய தரைதான். "இரும்புக்கு சிமெண்ட்டு, எனக்கு சாணி" என்று என் மனைவி வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லுவாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கசியாமல் அடைக்க என் வாய்க்கு ஒரு நல்ல காஸ்கெட் வெட்டிப் போட வேண்டும் என்பதும் என் மனைவி சொன்னதுதான். சாமி விஷயத்தில் எனக்கு நம்பிக்கையும் இல்லை, சண்டையும் இல்லை. ஆயுத பூஜையன்று ஸ்பானருக்கெல்லாம் பொட்டு வைப்பேன், அது பொரிகடலைக்காக. என் மனைவியின் தம்பி என்னோடு வேலை செய்தான். ஆறடி உயரம், யானை பலம், என்னைவிட நீளமான வாய். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கொட்டகையில் இருந்ததால், எங்களுக்கு வாடிக்கையாளர் வந்ததே பெரிய விஷயம்.

ஒரு மத்தியானம், இரண்டு ஜோடி மாடுகள் ஒரு லாரியை இழுத்துக்கொண்டு ரோட்டில் வந்தன. மூக்கு நீண்ட பழைய மாடல் லாரி. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நிஜமாகவே ஓட்டுகிற மாதிரி உள்ளே உட்கார்ந்திருந்தார். ஹாரன்வேறு அடித்தார்.

"மாமா, பொண்ணு மாப்ள ஊர்வலம் வருது பாரு" என்றான் மச்சான்.

வண்டியிலிருந்து இறங்கியவர் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்னக் கிராமத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். அந்த ஊரில் முதல் லாரி அதுதான். மலையில் சாமை விளைந்த தன் பங்கு நிலத்தையும் அதிலிருந்த பலா மரங்களையும் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக இந்தப் பழங்கட்டை லாரியை வாங்கியிருக்கிறார். ஒரு சீசன் முழுக்க ஊர்ப் புளியைச் செங்கம் சந்தைக்கு இறக்கியிருக்கிறார். அன்றைக்குச் சந்தையில் மூட்டைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, மலையில் முதல் ஏற்றத்திலேயே நின்றுவிட்டது.

"மேஸ்திரி, இது பொழைக்குமா?" என்றார்.

"இன்னா பண்ணீங்க இத்த?"

"ஒண்ணும் பண்ணலியே. ஏத்தத்துல வந்துக்கினு இருந்தேன். கிர்ருன்னு ஒரு சத்தம். அப்டியே நின்னுட்ச்சி."

என்ஜினின் அடியில் எண்ணெய் நிற்கிற தொட்டியைக் கழற்றினோம். எண்ணெய்க்குப் பதிலாகக் கருப்பாக ஒரு களி பொத்தென்று விழுந்தது. மச்சான் அதை விரலால் தொட்டு மோந்து பார்த்தான். மறுபடியும் மோந்தான்.

"மாமா, இது இலுப்பெண்ண வாடை."

மலைக்காரர் கொஞ்சமும் அசராமல் சொன்னார். "மலையில ஆயில் எங்க கெடைக்குது? அவசரத்துக்கு ஊத்துனேன். வெளக்கு எரியுது, பணியாரம் வேவுது. இதுக்கு மட்டும் ஆவாதா?"

நான் கத்திய கத்தலில் புளியமரத்துக் காக்காய்களெல்லாம் எழும்பிப் பறந்தன. அவருடைய மூளை, அவருக்கு லாரி விற்றவனின் மூளை, லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தவனின் மூளை என்று ஒன்றையும் விடவில்லை. அவர் கோபப்படவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று முழுதும் கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "சரி மேஸ்திரி, பொழைக்குமா?" என்று மறுபடியும் அதையே கேட்டார். அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

பிரிக்கப் பிரிக்க எனக்குத் தலை சுற்றியது. பிஸ்டன்கள் லைனரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கிராங்க் ஷாஃப்ட் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. இரண்டாவது சிலிண்டருக்கு டீசல் தெளிக்கிற நாசில் எப்போதோ அடைத்துப்போய், அந்தச் சிலிண்டர் பல மாதமாக வேலையே செய்யாமல் சும்மா கூட வந்துகொண்டிருந்திருக்கிறது. என்ஜினைத் தாங்குகிற ரப்பர்கள் இருந்த இடத்தில் பழைய டயர்த் துண்டுகளை வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

"இந்த வண்டி பேய் புடிச்ச மாதிரி நடுங்கியிருக்குமே. உள்ள குந்திக்கினு ஓட்னீங்களே, பல்லு கொட்டலியா?" என்றேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பெற்ற பெண்ணைப் பற்றி விசாரித்த மாதிரி. "நடுங்கும் மேஸ்திரி. நல்லா நடுங்கும். அதனாலதான அம்மன் உத்தரவே குடுத்துது."

அந்த உத்தரவு என்னவென்று சொல்லிவிடுகிறேன். அம்மனுக்கு ஆடு வெட்டுவதற்கு முன்னால் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கைகட்டி நிற்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் அம்மன் ஒத்துக்கொண்டாள், உத்தரவு கிடைத்தது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் மறுபடி ஊற்றுவார்கள். மூன்றாவது சொம்புக்கும் சிலுப்பவில்லை என்றால் அவ்வளவுதான், அம்மனுக்கு அது வேண்டாம். இது எங்கள் ஊர்ப் பக்கமும் உண்டு. ஆனால் அவர்கள் ஊரில் ஆட்டோடு நிறுத்தவில்லை. வெளியிலிருந்து புதிதாக மாடு வந்தாலும் கோயில் முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றித்தான் ஊருக்குள் விடுவார்கள். லாரி வந்தபோதும் அதே நியாயம்தான். சத்தம் போடுகிறது, தண்ணீர் குடிக்கிறது, புகை விடுகிறது, இதற்கு உயிர் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று பூசாரி கேட்டிருக்கிறார். என்ஜினை ஓடவிட்டு, எல்லோரும் இறங்கி, யாரும் தொடாமல் தள்ளி நின்று, என்ஜினை மூடுகிற பானெட்மேல் ஊற்றியிருக்கிறார்கள்.

"மொதச் சொம்பு பாதி ஊத்தறதுக்குள்ளயே சிலுப்பிட்ச்சி மேஸ்திரி. ஒடம்பு பூரா. ஒரு பக்கத்துக் கதவு தானா தொறந்துக்கிச்சி."

நானும் மச்சானும் சிரித்த சிரிப்பில் அவன் கையிலிருந்த ஸ்பானர் என் காலில் விழுந்தது. வலியோடு சிரித்துக்கொண்டே சொன்னேன். "அது அம்மன் இல்லீங்க. ரெண்டாவது சிலிண்டர் செத்துப் போய்க் கீது. அந்த நடுக்கம் அது."

"இருக்கட்டும் மேஸ்திரி. ரெண்டாவது சிலிண்டர் வழியா சொல்லியிருக்கா."

நான் மறுபடி ஸ்பானரை எடுத்து வால்வுகளைக் கழற்றப் போனேன்.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி வந்தார். மலையிலிருந்து நடந்தும் பஸ் ஏறியும் வந்தவர், சாமைச் சோறும் துவையலும் மூட்டை கட்டி எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். கணவர் வேலூருக்குப் போயிருந்தார். கிராங்க்கைத் தேய்க்கவும் சிலிண்டர்களின் உள்சுவரைக் கடைந்து போர் போடவும் அங்கேதான் போக வேண்டும். அந்தம்மா பிரிந்து கிடந்த சாமான்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். எதையும் தொடவில்லை. பிறகு, கணவர் என்னிடம் சொல்லாததையெல்லாம் சொன்னார்.

கணவருக்கு ஓர் அண்ணன். நிலத்தைக் கொடுத்து லாரி வாங்கிய நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது. அந்த ஊர்ப் புளியமரங்களில் பாதி அண்ணனுடையவை. அண்ணன் எந்த லாரியில் ஏற்றுகிறாரோ அதில்தான் ஊரும் ஏற்றும். போன சீசனில் அம்மனே உத்தரவு கொடுத்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டு ஏற்றினார். இப்போது வண்டி நின்றதும் புதிதாக ஒன்றைக் கிளப்பிவிட்டார்.

"உள்ளாற இருக்கறத பூராத்தயும் மாத்திக்கினு வரானாம், அப்பறம் அது எப்டி பழைய வண்டி ஆவும், திரும்பியும் அம்மன கேக்கணும்னு சொல்ட்டாரு. அவ ஒத்துக்கினா நானும் ஏத்தறேன், இல்லன்னா கீழ இருந்து வர்ற வேபாரி லாரியிலயே போவட்டும்னு சொல்ட்டாரு. ஊரும் அத்தயே சொல்லுது." என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "ண்ணா, நெலம் பூட்ச்சி. இந்த வண்டி மலைக்கு ஆவாதுன்னா நாங்க மலைய வுட்டு எறங்கிடணும். பெங்களூர்ல போயி கல்லு ஒடைக்கணும். பாத்து பண்ணிக் குடுங்க."

அழவெல்லாம் இல்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"யம்மா, நான் கட்ற என்ஜின் துளி அசையாது. உங்க மச்சாண்டார் இன்னா, அம்மனே எறங்கி வந்தாலும் கொற சொல்ல முடியாது" என்றேன்.

அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மலைக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்த விதம் எனக்கே புதிது. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கிற கம்பிகளின் எடை ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசப்பட்டாலும் என்ஜின் உதறும். சாதாரணமாக யாரும் அதையெல்லாம் பார்க்க மாட்டார்கள். நான் பக்கத்து மளிகைக் கடைத் தராசைக் கடன் வாங்கி, ஆறு சிலிண்டர் கம்பிகளையும் ஒன்றோடொன்று நிறுத்து, கனமானதை அரத்தால் ராவி ராவிச் சமமாக்கினேன். அந்தச் சாக்கில் மளிகைக்காரனின் படிக்கல் எடை குறைவு என்பதும் தெரியவந்தது. அது தனிச் சண்டை. பேரிங் உட்காருகிற இடத்திலெல்லாம் நீலம் தடவி, எங்கே ஒட்டுகிறது எங்கே ஒட்டவில்லை என்று பார்த்துப் பார்த்துச் சுரண்டினேன். வால்வுகளை மச்சான் தேய்த்தான். "மாமா, இந்த வண்டிய நீயே கட்டிக்க, அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றான். டயர்த் துண்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது ரப்பர் வாங்கிப் போட்டேன்.

என்ஜினை வண்டியில் ஏற்றி, மாட்டி, டம்ளரை வைத்தேன். மலைக்காரர் ஸ்டார்ட் செய்தார். டீயில் மெல்லிய நடுக்கம் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதை விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகிற குழாயின் நட்டை ஸ்பானரால் கொஞ்சம் தளர்த்தினால் அந்தச் சிலிண்டர் வேலையை நிறுத்திவிடும், என்ஜின் உதறும். பிறகு இறுக்கிவிட்டு அடுத்ததைத் தளர்த்த வேண்டும். எதைத் தளர்த்தினால் உதறல் அதிகமாகவில்லையோ, அதுதான் ஏற்கெனவே சோம்பேறி. எங்கள் தொழிலில் நாடி பார்ப்பது இப்படித்தான். அப்படிப் பார்த்ததில் ஐந்தாவது சோம்பேறி என்று தெரிந்தது. அதன் நாசிலை மாற்றிவிட்டு மறுபடி டம்ளரை வைத்தேன். டீயின் மேல் படிந்திருந்த ஆடைகூட அசையவில்லை.

மச்சான் விசிலடித்தான். மலைக்காரர் மட்டும் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா மேஸ்திரி, ஓடுதா?"

"சத்தம் கேக்கலியா?"

"சத்தம் கேக்குது. ஒடம்புதான் அசையவே இல்ல." அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. என் கைவேலையைப் பார்த்து அசந்துபோய்விட்டார் என்று நினைத்து, நான் டீயை எடுத்துக் குடித்தேன்.

புதிதாகக் கட்டிய என்ஜினைக் கொஞ்ச நாள் பச்சைக் குழந்தையைப் போலத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். "ஒரு மாசத்துக்கு பாதி லோடுக்கு மேல ஏத்துனீங்கன்னு தெரிஞ்சது, வூட்டுக்கு வந்து கைய ஒடைப்பேன்" என்று சொல்லியிருந்தேன். சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை, இலுப்பெண்ணெய் ஊற்றிய ஆள். அதனால் முதல் ஏற்றத்துக்கு நானே கூடப் போனேன். மச்சான் பின்னால் ஏறிக்கொண்டான். காட்டு இலாகாக்காரர்கள் மரம் இறக்கப் போட்ட மண் ரோடுதான் அவர்கள் ஊருக்குக் கடைசி வழி. பல்லைக் கடித்துக்கொண்டு ஏற வேண்டிய அந்த ஏற்றத்தில் என் என்ஜின் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியது. நான் வழியெல்லாம் சிரித்தபடி வந்தேன். ஓட்டுகிறவர் சிரிக்கவே இல்லை.

கோயில் என்றால் ஒரு பெரிய மரம், அதன் அடியில் கல், சூலம், முன்னால் பெருக்கித் தெளித்த மைதானம். ஊரே கூடியிருந்தது. அண்ணன் மட்டும் வரவில்லை. மைதானத்துக்கு அந்தப்பக்கம், கூப்பிடு தூரத்தில், தன் களத்தில் காயப் போட்ட புளிக்கு நடுவில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார். மலைக்காரரின் மனைவி எனக்கு அவரைக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பூசாரி வயதானவர். ஒல்லி உடம்பு. ஒரு கண் எப்போதும் பாதி மூடியே இருந்தது. வண்டியைக் கல்லுக்கு நேராக நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் இறங்கச் சொல்லி, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பானெட்மேல் முதல் சொம்பை ஊற்றினார்.

மஞ்சள் தண்ணீர் பானெட்மேல் வழிந்து, நேர்கோடாக ஓடிக் கீழே சொட்டியது. வண்டி கருங்கல்லைப் போல நின்றது.

பூசாரி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு இரண்டாவது சொம்பை ஊற்றினார். அதற்கும் ஒன்றும் இல்லை. சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரோடு அதை பானெட்மேல் வைத்துவிட்டு அம்மனை வேண்டிக்கொள்ளத் திரும்பினார். நான் சொம்பை எட்டிப் பார்த்தேன். ஓடுகிற என்ஜின்மேல் இருந்த தண்ணீரில் ஒரு வளையம்கூட இல்லை. நீங்களே சொல்லுங்கள், பெருமைப்பட வேண்டாமா? யாராவது பாராட்டுவார்கள் என்று நிமிர்ந்து பார்த்தால், பெண்களெல்லாம் வாயில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாமா" என்று காதருகில் மச்சான் சொன்னான். "நல்லா பண்ணித் தொலச்சிட்டியே."

மலைக்காரர் வண்டியைப் பார்க்கவில்லை. அண்ணனின் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவியின் உதடுகள் மட்டும் அசைந்தன. எனக்கோ பயம் வந்தால் உடனே கோபம் வரும். கூட்டத்தைப் பார்த்துக் கத்தத் தொடங்கினேன்.

"ஏங்க, நல்ல என்ஜினு நடுங்காதுங்க. நடுங்குனாத்தான் கெட்டுப் போச்சின்னு அர்த்தம். போன தபா நடுங்குச்சே, அதனாலதான் நடுவழியில நின்னுச்சி. இப்ப அது சொகமா கீதுங்க."

முன்னால் நின்ற ஒருவர் பொறுமையாகச் சொன்னார். "சொகமா இருக்கற ஆடும் சிலுப்புதேப்பா."

தராசில் வைத்து நிறுத்ததும், நீலம் தடவிச் சுரண்டியதும், ஐந்தாவது நாசிலை மாற்றியதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எல்லாம் இந்த இரண்டு பேரை மலையிலிருந்து இறக்கிவிடத்தானா? கொஞ்சம் மட்டமான மெக்கானிக்காக நான் பிறந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

பூசாரி மூன்றாவது சொம்பை நிரப்பினார். ஆனால் ஊற்றவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் இடுப்பைப் பார்த்தார். அங்கே வழக்கம்போல ஸ்பானரைச் செருகியிருந்தேன்.

"மாத்துனது இன்னா, மேல் மூடியவா? உள்ளதான மாத்துனாங்க?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "மேல ஊத்திக்கினே இருந்தா எப்டி? உள்ள ஊத்தணும். மேஸ்திரி, நீ வந்து மூடியத் தூக்கிப் புடி. கை வெச்சவன் நீதான். மத்தவங்க எல்லாம் தள்ளி நில்லுங்க, சூடு தெறிக்கும்."

போய் பானெட்டைத் தூக்கினேன். அவர் என்னை ஒட்டி வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்து, தண்ணீர் வெளியே தெறிக்காமல் தடுக்கிற மாதிரி பிடித்தார். கூட்டத்துக்கும் என் வலது கைக்கும் நடுவில் அந்தத் துண்டு வந்துவிட்டது.

"ஊத்தட்டுமா?" என்றார்.

வழக்கமாக அம்மனைப் பார்த்துக் கேட்கிற கேள்வி அது. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

இடுப்பிலிருந்து ஸ்பானரை உருவி, இரண்டாவது சிலிண்டர் குழாயின் நட்டில் மாட்டினேன். பழைய வண்டியில் உத்தரவு கொடுத்த அதே இரண்டாவது சிலிண்டர். கை வரவில்லை. நான் கட்டியதிலேயே நல்ல என்ஜின், என் கையாலேயே. தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது. திருப்பினேன். டீசல் பீச்சியடித்தது, என்ஜின் இருமியது, பானெட் என் இடது கையில் மெதுவாக நடுங்கியது. போதாது. வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. "இன்னும்" என்றார் பூசாரி, உதடு அசையாமல். ஐந்தாவது நட்டையும் திருப்பினேன்.

அவ்வளவுதான். வண்டி சிலுப்பியது. மூக்கிலிருந்து வால்வரை சிலுப்பியது. பக்கப் பலகைகளின் சங்கிலிகள் கலகலவென்று அடித்துக்கொண்டன. விளக்குகள் ஆடின. பின் கதவு தடதடத்தது. பெண்கள் போட்ட குலவை மலை முழுக்கக் கேட்டிருக்கும். மலைக்காரர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவர் மனைவி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

சரி, ஆயிற்று என்று நட்டை இறுக்கப் போனேன். பூசாரி காலிச் சொம்பைக் கீழே நழுவவிட்டு, துண்டுக்குள்ளிருந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பூசாரி, அம்மன் கோச்சிக்கப் போறா" என்றேன். நக்கலாகத்தான் ஆரம்பித்தேன், குரல்தான் ஒத்துழைக்கவில்லை.

"தலையில ஊத்துனா எந்த ஆடும் சிலுப்பாது" என்றார் அவர், முகத்தை அம்மன் பக்கமே வைத்துக்கொண்டு. "காதுக்குள்ள ரெண்டு சொட்டு வுடணும். எங்கப்பன் அப்டித்தான் வுட்டான், நானும் அப்டித்தான் வுடறேன். ஒன் வண்டிக்கு காது எங்க கீதுன்னு எனக்குத் தெரில. அதான் ஒன்னக் கூப்ட்டேன்."

நான் அவரையே பார்த்தேன். பாதி மூடிய கண் இப்போது நன்றாகவே திறந்திருந்தது.

"இறுக்கிடட்டுமா? டீசல் போவுது."

"போவட்டும். அவங்கண்ணன் இன்னும் வரல."

துண்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். குலவைச் சத்தத்துக்கு அண்ணன் திரும்பியிருந்தார். எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, களத்திலிருந்து இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தார். அவசரமே இல்லாத நடை. என் மணிக்கட்டு பூசாரியின் பிடியில் இருந்தது. டீசல் என் சட்டையிலும் வேட்டியிலும் சொட்டியது. நான் கட்டியதிலேயே நல்ல என்ஜின் என் கண் முன்னால் தகரப் பெட்டியைப் போல உதறிக்கொண்டிருந்தது. நட என்று மனதுக்குள் அந்த ஆளைக் கெஞ்சினேன். கொஞ்சம் வேகமாக நடந்து தொலை.

கூட்டம் வழிவிட்டது. அண்ணன் வண்டியின் பக்கத்தில் வந்து, முன்சக்கரத்துக்கு மேலிருந்த தகட்டில் உள்ளங்கையை வைத்தார். நடுக்கம் அவர் கையில் ஏறித் தோள்வரை போனது தெரிந்தது. வைத்த கையை எடுக்காமல் தம்பியைப் பார்த்தார்.

"நம்ம புளி பூரா காஞ்சி கெடக்குது. எப்ப வர்ற?"

தரையில் உட்கார்ந்திருந்த தம்பியின் மனைவிதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இப்பவே வர்றோம் மாமா."

பூசாரி என் கையை விட்டார். இரண்டு நட்டுகளையும் இறுக்கினேன். வண்டி அடங்கியது. அண்ணன் தன் உள்ளங்கைக்குக் கீழே நடுக்கம் நின்றதை உணர்ந்து, சந்தேகத்தோடு பூசாரியைப் பார்த்தார்.

"சொல்ல வேண்டியத சொல்ட்டா" என்றார் பூசாரி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெற்றிலைப் பையைத் தேடப் போய்விட்டார்.

அன்றைக்கே ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். களத்திலிருந்து முதல் மூட்டையை அண்ணன் தோளில் தூக்கி வந்து போட்டார். அதைப் பார்த்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூட்டை வந்தது. பாதி லோடு தாண்டியது. முக்கால் தாண்டியது. லாரியின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் வளைந்து இறங்கின. மச்சான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் எப்போது வெடிப்பேன் என்று பயந்து, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டான். மலைக்காரர் மூட்டைகளுக்கு மேலே ஏறி நின்று, முகம் முழுக்கச் சிரிப்போடு, "மேஸ்திரி, இன்னும் ரெண்டு போடலாமா?" என்று கேட்டார்.

"போடுங்க" என்றேன்.